உள்ளே ஒரே இரும்பு, வெளியே மூன்று சட்டை

காந்த நானோ துகள் கலந்த நீர் பார்வைக்கு இரண்டாம் டிகாஷன் போல இருக்கும். செல்கள் அதை விழுங்கிய பிறகு குழாயின் ஓரம் ஒரு காந்தத்தை வைத்தால், செல்களே பழுப்புக் கோடாக அந்தப் பக்கம் ஒதுங்கும். உள்ளே போனது நிச்சயம். போகும்போது சவ்வை என்ன செய்தது என்பதுதான் கேள்வி.

செல் சவ்வின் கனம் ஏறக்குறைய 5 நானோமீட்டர். துகளுக்குள் இருக்கும் மேக்னடைட் (காந்த இரும்பு ஆக்சைடு) கரு பெரும்பாலும் 5 முதல் 15 நானோமீட்டர். ஆனால் சவ்வு முதலில் தொடுவது கருவின் மேல் இருக்கும் பூச்சைத்தான். அதனால் பூச்சுகளையே எதிரெதிரே நிறுத்திப் பார்க்கிறேன்.

முரட்டுத்தனத்தில் முதலிடம் பாலிஎத்திலீனிமைன் என்ற செயற்கைப் பாலிமர் பூச்சுக்கு. அதற்கு நேர்மின்னூட்டம், சவ்வின் வெளிப்புறமோ எதிர்மின்னூட்டம் கொண்டது. தொட்டவுடன் ஒட்டிக்கொள்ளும், கொழுப்பு இரட்டை அடுக்கில் ஓட்டை போடும், உள்ளிருப்பது கசியும். மரபணுவை உள்ளே அனுப்பும் காந்த முறைக்கு இந்த முரட்டுத்தனமே மூலதனம். செல்களை வளர்க்கும் தட்டுக்கு அடியில் காந்தம் வைத்து டிஎன்ஏவைச் செல்மேல் இறக்குவார்கள். அளவு கொஞ்சம் கூடினாலும் மரபணு போய்ச் சேரும் வீட்டில் ஆள் இருக்கமாட்டார்.

சிட்ரேட் (சிட்ரிக் அமில உப்பு) பூச்சு எதிர்மின்னூட்டம் கொண்டது. சவ்வோடு சண்டை போடாது என்று நம்பத் தோன்றும். ஆனால் உப்பும் புரதமும் நிறைந்த வளர்ப்பு ஊடகத்தில் இத்துகள்கள் எளிதில் திரண்டு, கனம் தாங்காமல் அடியில் உள்ள செல்கள்மேல் படியும். ஊடகத்தில் நாம் கலந்த அளவு ஒன்று, செல்லுக்குக் கிடைப்பது இன்னொன்று. உள்ளே போன பின்னும் தொல்லை உண்டு. செல்லின் செரிமானப் பையான லைசோசோமின் அமிலத்தன்மை பிஎச் 4.5 அளவுக்குப் போகும். சிட்ரேட் துகள் அங்கே சீக்கிரம் கரைகிறது. விடுபட்ட இரும்பு, ஹைட்ரஜன் பெராக்சைடோடு ஃபென்டன் வினையில் இறங்கி ஹைட்ராக்சில் தனியுறுப்புகள் என்ற, அக்கம்பக்கத்தில் எதையும் தாக்கும் துணுக்குகளை உண்டாக்கும். அவை சவ்வின் கொழுப்பை உள்ளிருந்தே அரிக்கும். இரும்பைச் சார்ந்த இவ்வகைச் செல் சாவுக்கு 2012இல் ஃபெரோப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

டெக்ஸ்ட்ரான் சர்க்கரைச் சட்டை. மூன்றில் இதுவே சாது. பெரும்பாலான செல்கள் இதை அவ்வளவாகச் சட்டைசெய்வதில்லை. கல்லீரல், மண்ணீரலில் உள்ள விழுங்கு செல்கள்தான் அள்ளிக்கொண்டு இரும்பை ஃபெரிட்டின் என்ற புரதத்தில் சேமிக்கும். இதன் உறவுக்காரப் பூச்சைக் கொண்ட ஃபெருமாக்சிடால், சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்கு 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு வேளைக்கு 510 மில்லிகிராம் இரும்பு. சவ்வுக்குச் சாதுவான இந்த மருந்துக்கும் 2015இல் கடுமையான ஒவ்வாமை பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கை வந்தது. அடி விழுந்தது நோயெதிர்ப்பு மண்டலத்தின் பக்கமிருந்து. செல் தட்டில் மட்டும் சோதித்திருந்தால் இது தெரிந்திருக்காது.

கருவையும் விட்டுவிட முடியாது. கோபால்ட்டும் இரும்பும் கலந்த ஆக்சைடான கோபால்ட் ஃபெரைட்டைக் கருவாக வைத்தால் அதன் காந்த குணம் ஆசைகாட்டும். ஆனால் கசியும் இரும்பைப் போட்டுவைக்க உடலில் ஃபெரிட்டின் என்ற பெட்டி இருக்கிறது; கோபால்ட்டுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. உயிருள்ள உடலுக்கு நான் அதைத் தேர்வுசெய்யமாட்டேன். உடலுக்குள் போவதென்றால் டெக்ஸ்ட்ரான் வகை, தட்டில் செல்களுக்கு அடையாளம் போட சிட்ரேட், மரபணு வேலைக்கு மட்டும் மிகக் குறைந்த அளவில் பாலிஎத்திலீனிமைன்: இதுதான் என் வரிசை.

ஆய்வுக் கட்டுரைகளை ஒப்பிடுபவர்கள் ஓரிடத்தில் நிற்க வேண்டும். செல் உயிரோடு இருப்பதைக் காட்டும் எம்டிடி சோதனையில், உயிருள்ள செல்கள் உண்டாக்கும் ஊதா நிறத்தை 570 நானோமீட்டர் ஒளியில் அளப்பார்கள். துகளின் பழுப்பும் அந்த ஒளியை உறிஞ்சும். துகளை மட்டும் வைத்து எடுத்த அளவைக் கழிக்காவிட்டால், செத்த செல்லும் உயிரோடு இருப்பதாகக் கணக்கில் வரும்.