பீங்கானில் கையால் வரைந்த முகம் என்று விற்கிறார்கள், பணம் அனுப்பாதீர்கள்: 18,500 ரூபாய் போயிற்று

கல்லறையில் பதிப்பதற்காகப் பீங்கான் தகட்டில் முகம் வரைந்து தருவதாக இணையத்தில் விளம்பரம் செய்பவர்களுக்குப் பணம் அனுப்பும் எண்ணத்தில் இருப்பவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள். களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைப் பக்கம் இருக்கும் நாங்கள், நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குள் அம்மாவின் கல்லறையில் படம் பதித்துவிட வேண்டும் என்று, கைவினைப் பொருள் விற்கும் ஒரு தளத்தில் கண்ட கடைக்கு 18,500 ரூபாயை முழுவதுமாக முன்பணமாகக் கொடுத்தோம்.

அந்தக் கடைக்காரர் பேசிய விதத்தில் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. மெருகேற்றிய வெள்ளைப் பீங்கானின் மேல், உலோக ஆக்சைடுகளையும் கண்ணாடித் தூளையும் எண்ணெயில் குழைத்துத் தீட்டி, ஏறக்குறைய 800 டிகிரி வெப்பத்தில் சுடும்போது வண்ணம் உருகி மெருகோடு ஒன்றிவிடும் என்றும், முகத்தின் தோல் நிறத்தை ஒரே பூச்சில் கொண்டுவர முடியாது, மெல்லிய பூச்சு ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சூளையில் வைத்து எடுக்க வேண்டும் என்றும் அவர் விளக்கினார். அவ்வளவும் உண்மைதான். அதன் பிறகு, "அண்ணா, அம்மாவின் மூக்குக்கண்ணாடியில் ஃபிளாஷ் வெளிச்சம் விழுந்து இடது கண் மறைந்திருக்கிறதே, விழி கறுப்பா, பழுப்பா?" என்று கேட்டார். இப்படிக் கேட்பவன் ஓவியனாகத்தான் இருப்பான் என்று அன்றே பணத்தை அனுப்பிவிட்டோம்.

வந்து சேர்ந்த தகட்டில் அந்த ஃபிளாஷ் வெளிச்சம் அப்படியே இருந்தது. விழி கறுப்பு என்று சொல்லியும் இடது கண் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டுதான். திருநாள் நெருங்கிவிட்டதால் வேறு வழியின்றிப் பதித்தோம். துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை இரண்டு முறை அடித்து ஓய்ந்ததும், கன்னத்தருகே ஓரம் தோல் உரிவதுபோல் எழும்பியது. குண்டரா பீங்கான் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் மாமா உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, தூரிகைக் கோடு ஒன்றுகூட இல்லை, எல்லாம் அச்சுப் புள்ளிகள் என்றார். போட்டோ கப்பில் படம் ஏற்றுவதுபோல, பீங்கானின் மேல் ஒரு பிளாஸ்டிக் பூச்சைப் பூசி, 200 டிகிரி அளவில் அழுத்தி ஒட்டிய படம் அது. மேசைமேல் வைத்தால் தாக்குப்பிடிக்கும். வெயிலிலும் மழையிலும் நிற்காது. இதற்குத்தான் 18,500 ரூபாய்!

கடைக்காரரிடம் கேட்டபோது, கேரளத்து மழைக்கு எதுவும் நிற்காது என்று முதலில் சொன்னார். மழையே காணாத இடத்திலா கல்லறை கட்டுவார்கள்? பிறகு, சிமெண்ட் வைத்த கொத்தனார் மேல் பழியைப் போட்டார். அதற்குப் பிறகு, வரைந்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டான் என்றார். பணம் வாங்கும்வரை 'அண்ணா' என்று அழைத்தவர், அதன் பின் 'சார்' என்றார், இப்போது எங்கள் எண்ணையே முடக்கிவிட்டார். விற்ற தளமோ, திருப்பி அனுப்பும் 7 நாள் கெடு முடிந்துவிட்டது, விற்பவரிடமே பேசிக்கொள்ளுங்கள் என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறோம். 18,500 ரூபாயில் ஒரு ரூபாய்கூட இன்னும் திரும்பவில்லை.

எப்படிச் சோதித்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் கை ஓடவில்லை. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். முதல் சூட்டுக்குப் பிறகு வெளிறிய நிலையில் முகம் இருக்கும் படத்தை, உங்கள் பெயர் எழுதிய தாளை அருகில் வைத்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்; கையால் வரைபவரிடம் அது கட்டாயம் இருக்கும். தகடு வந்தவுடன், பதிக்கும் முன்பே, ஓரத்தில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். சூளையில் சுட்ட வண்ணம் அதற்கு அசையாது. பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள். திருநாள் தேதியை மட்டும் கடைக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள்.