கையடக்க லாக்டேட் மீட்டர்: ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு

800, 1500 மீட்டர் ஓடும் நான்கு பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஆறு மாதமாக இந்த மீட்டர் இல்லாமல் மைதானத்துக்குப் போவதில்லை. கடுமையாக ஓட ஓட ரத்தத்தில் கூடும் லாக்டேட் என்ற பொருளை அளக்கும் கருவி இது. காது மடலில் ஒரு குத்து, துளி ரத்தம், 15 விநாடியில் எண் வந்துவிடும்.

நார்வே ஓட்டக்காரர்கள் ஒரே நாளில் காலையும் மாலையும் த்ரெஷோல்ட் ஓட்டம் ஓடுவார்கள்; அதாவது, ரத்தத்தில் லாக்டேட் வேகமாக ஏறத் தொடங்கும் எல்லையைத் தாண்டாமல் ஓடுவது. அந்நாட்டு முன்னாள் ஓட்டக்காரர் மாரியஸ் பாக்கன் தன் உடம்பிலேயே சோதித்து வளர்த்த முறை அது. நார்வேயின் யாக்கோப் இங்கெப்ரிக்ட்சன் டோக்கியோ ஒலிம்பிக்கில் 3:28.32-இல் 1500 மீட்டர் தங்கம் வென்றதும் எல்லோரும் அதைத் தேடிப் படித்தார்கள். அடக்கி ஓடுவதில்தான் அதன் உயிரே இருக்கிறது. மூச்சை வைத்து மட்டும் அந்த எல்லையைக் கணிக்க முடியாது; அதற்குத்தான் மீட்டர்.

ஆறு முறை 1000 மீட்டர் ஓடி முடித்த மாணவி, "லேசாத்தான் இருக்கு சார்" என்றாள். மீட்டரில் லிட்டருக்கு 5.8 மில்லிமோல் லாக்டேட்! த்ரெஷோல்ட் ஓட்டத்துக்கு அது அதிகம். கிலோமீட்டருக்கு எட்டு விநாடி மெதுவாக ஓடச் சொன்னேன். அடுத்த வாரம் 3.1.

வியர்வைதான் பெரிய தொல்லை. அதிலும் லாக்டேட் உண்டு, எண்ணை ஏற்றிவிடும். காதை நன்றாகத் துடைத்து, முதல் சொட்டை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். அப்புறம், ரத்தத் துளியை எடுத்து மீட்டரில் சோதிக்கும் ஸ்ட்ரிப்பின் செலவு. ஒருவருக்கு ஒரு நாளில் இரண்டுக்கு மேல் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. பயிற்சியாளர்கள் தயங்காமல் வாங்கலாம்.