முப்பந்தலா, மன்னார் வளைகுடாவா: அடுத்த காற்றாலையை எங்கே நடுவது?

தமிழ்நாட்டின் காற்றாலை நிறுவுதிறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் பல ஆண்டுகள் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாநிலத்தை இப்போது குஜராத் முந்திவிட்டது. இனி எப்படி வளர்வது என்பதற்கு இரண்டு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. ஆரல்வாய்மொழி, கயத்தாறு, பல்லடம் பக்கம் நிற்கும் பழைய சிறு காற்றாலைகளைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பெரியவற்றை நடுவது ஒரு வழி. மன்னார் வளைகுடாவில் கடலுக்குள் புதிதாக நடுவது மற்றொன்று. பசுமை மின்சாரம் என்று பொதுப்படையாகப் பேசும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். செலவு, காலம், யார் வயிற்றில் கை வைக்கிறது என்று பார்த்தால் இரண்டுக்கும் வெகுதூரம். அரசின் அடுத்த ரூபாய் முதலில் நிலத்துக்குத்தான் போக வேண்டும் என்பது என் வாதம்.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஆரல்வாய்மொழி பக்கத்து முப்பந்தலில் இதைப் பார்த்திருப்பார்கள். இரும்புச் சட்டங்களைப் பின்னிக் கட்டிய நாலு கால் கோபுரத்தின் மேல் குட்டையாக ஒரு காத்தாடி நிற்கும். சற்றுத் தள்ளி வெள்ளைத் தூணில் அதைப் போல மூன்று நான்கு மடங்கு உயரத்தில் இன்னொன்று சுற்றும். குட்டையாக நிற்பது 1990களில் வந்த 225, 250 கிலோவாட் ரகம். 225 கிலோவாட் காற்றாலையின் இறக்கை சுற்றும் வட்டம் 27 மீட்டர் விட்டம். இன்றைய 2.1 மெகாவாட் ரகம் ஒன்றில் அது 120 மீட்டர். பரப்பாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 20 மடங்கு. உயரம் கூடக் கூடக் காற்றின் வேகமும் கூடும். வேகம் 20 சதவீதம் கூடினாலே காற்றில் உள்ள ஆற்றல் 70 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும்.

முதலில் வந்தவர்கள் கணவாய் வாயிலில், காற்று நன்றாக அடிக்கிற இடங்களைப் பிடித்தார்கள். அன்று கிடைத்த சிறிய இயந்திரங்களை நட்டார்கள். இப்படி மாநிலத்தின் மிகச் சிறந்த காற்று, மிகச் சிறிய காற்றாலைகளிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்தின் கணக்குப்படி, பழையதை மாற்றுவதால் தமிழ்நாட்டில் மட்டும் 7,000 மெகாவாட்டுக்கு மேல் வாய்ப்பு உண்டு. நாட்டிலேயே இதுதான் அதிகம்.

கடல் காற்றைக் குறைத்து மதிப்பிடவில்லை. நிலத்தில் மே முதல் செப்டம்பர் வரைதான் சீசன். அதற்குப் பிறகு காத்தாடிகள் பெரும்பாலும் வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் நிற்கும். மன்னார் வளைகுடாவில் தென்மேற்குப் பருவத்தோடு வடகிழக்குப் பருவத்திலும் நல்ல காற்று உண்டு. டிசம்பர் மாதத்தின் சாயங்கால உச்சநேரத்தில், சூரிய மின்சாரம் அடங்கிய பிறகு கிடைக்கும் ஒரு யூனிட்டுக்குத் தனி மதிப்பு. முப்பந்தலால் அதைத் தர முடியாது. இந்த ஒரு விஷயத்தில் கடல் தெளிவாக ஜெயிக்கிறது.

ஆனால் விலை? 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை குஜராத்துக்கு 500, தமிழ்நாட்டுக்கு 500 என 1,000 மெகாவாட் கடல் காற்றாலைக்கு 6,853 கோடி ரூபாய் மானியம் ஒதுக்கியது. இரண்டு துறைமுகங்களை மேம்படுத்த 600 கோடி தனி. மானியம் மட்டுமே மெகாவாட்டுக்கு 6.85 கோடி வருகிறது. நிலத்தில் ஒரு மெகாவாட் காற்றாலை நிறுவ ஆகும் மொத்தச் செலவில் பெரும்பகுதி அது. அதற்கு மேல் நிறுவனமும் தன் பணத்தைப் போட வேண்டும். கடலடிக் கேபிள், தூண் இறக்கும் சிறப்புக் கப்பல், உப்புக் காற்றில் பராமரிப்பு என்று எல்லாமே நமக்குப் புதிது. டென்மார்க் 1991லேயே விண்டபியில் 11 காற்றாலைகளைக் கடலில் நட்டு, 2017ல் கழற்றியும் விட்டது. அந்த நாட்டுக்குக் கிடைத்த அனுபவத்தை நாம் ஒரே டெண்டரில் வாங்கிவிட முடியாது.

இவ்வளவு லாபமென்றால் நிலத்தில் ஏன் மாற்றவில்லை? சிக்கல் காற்றில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. 1990களில் காற்றாலைக்குப் போட்ட முதல் முழுவதையும் முதலாண்டே தேய்மானமாகக் காட்டி, வரி கட்டும் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம் என்ற வரிச்சலுகை இருந்தது. கோவை, திருப்பூர் பக்கத்து மில்காரர்கள் ஆளுக்கொன்று, இரண்டு என வாங்கி நட்டார்கள். கடன் என்றோ அடைந்துவிட்டது. சீசனில் மிஞ்சும் யூனிட்டை மின்வாரியக் கணக்கில் போட்டுவைத்து, மார்ச் வரை மில்லுக்கு எடுத்துக்கொள்ளும் பேங்கிங் வசதியும் அந்தப் பழைய காற்றாலைகளுக்கு உண்டு. புதிய காற்றாலைகளுக்கு அந்தக் காலத்தைச் சுருக்கிவிட்டார்கள். கடனில்லாமல் ஓடுவதைக் கழற்றிவிட்டு, கடன் வாங்கிப் புதிது நட்டு, பேங்கிங்கையும் இழக்க எந்த மில்காரர் முன்வருவார்?

இடமும் இடிக்கிறது. சின்ன காற்றாலைகள் நெருக்கமாக நிற்கின்றன. 120 மீட்டர் வட்டம் சுற்ற வேண்டுமென்றால் அக்கம்பக்கத்து ஐந்தாறு உரிமையாளர்களும் சேர்ந்து ஒத்துக்கொள்ள வேண்டும். 60 மீட்டருக்குச் சற்றே குறைவான இறக்கையை ஏற்றிய லாரி கிராமத்து முக்கில் திரும்ப, வயல்காரரிடம் வழி கேட்க வேண்டும். பழைய மின்பாதையும் துணைமின்நிலையமும் புதிய சுமையைத் தாங்காது. 2024ல் மாநில அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க ஒரு கொள்கை வெளியிட்டது. அதை வரவேற்கிறேன். ஆனால் பேங்கிங் கேள்விக்கு உரிமையாளருக்குக் கட்டுப்படியாகும் பதில் வராதவரை காகிதத்தால் காத்தாடி மாறாது.

கடலில் ஒத்துக்கொள்ள வேண்டியவர்கள் வேறு ஆட்கள். மன்னார் வளைகுடா 21 தீவுகள் கொண்ட கடல் தேசியப் பூங்கா, பவளப்பாறை, கடற்பசு எல்லாம் உள்ள இடம். நாட்டுப்படகில் வலை விரிக்கிறவர்களின் தொழில்களமும் அதுதான். தூணைச் சுற்றிப் போகக்கூடாத எல்லை, கேபிள் புதைக்கும் தடம், இரண்டும் அவர்கள் பிழைப்பில் கை வைக்கும். எதிர்க்கரையில், இலங்கையின் மன்னார்த் தீவில், 30 காற்றாலைகள் கொண்ட தம்பபவனி என்ற காற்றாலைப் பண்ணை 2020லேயே ஓடத் தொடங்கியது. கூடுதலாக நட முயன்றபோது 2025ல் தீவு மக்கள் தெருவில் இறங்கினார்கள். காற்றாலை நல்லது என்று நம்புகிற நான் இதைக் கவலையோடுதான் பார்க்கிறேன். மீனவரைக் கேட்காமல் நடுகிற காற்றாலையை மீனவரும் தன்னுடையதாக நினைக்கமாட்டார்.

ஆகவே மாநில அரசு முதலில் செய்ய வேண்டியது இதுதான்: பழையதை மாற்றுகிறவருக்கு, பழைய காற்றாலை தந்துவந்த அளவு யூனிட்டுக்காவது பேங்கிங்கைத் தொடரவிட வேண்டும். சிறு உரிமையாளர்கள் சேர்ந்து ஒரே பெரிய காற்றாலையில் பங்கு வாங்க வழி செய்ய வேண்டும். துணைமின்நிலையச் செலவை அவர்கள் தலையில் கட்டக்கூடாது. கடலில் அந்த 500 மெகாவாட்டோடு நிறுத்தி, இரண்டு பருவமும் என்ன மின்சாரம் கிடைக்கிறது, வலையில் என்ன மீன் விழுகிறது என்று இரண்டையும் அளந்து ஊரறிய வெளியிட வேண்டும். அடுத்த டெண்டரை அதற்குப் பிறகு பேசலாம்.