மாம்கனெக்ட்: என் அக்கா மகளைத் திட்டாமல் பேசிய சேவை

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். என் அக்கா மகளுக்கு 17 வயது, மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், இப்போது ஏழாவது மாதம். கல்யாணம் ஆகவில்லை. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், யாரும் காதோடு காதாகப் பேச வேண்டியதில்லை.

மாம்கனெக்ட் என்பது தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் துறை கர்ப்பிணிகளுக்காக 2014ல் தொடங்கிய இலவசச் சேவை. கிளினிக்கில் நர்ஸே பதிந்து தருவார், இல்லையென்றால் *134*550# அடித்து நாமே பதியலாம். எத்தனையாவது வாரமோ அதற்குத் தகுந்த செய்தி போனுக்கு வரும், சந்தேகம் இருந்தால் எழுதிக் கேட்கலாம்.

எங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, அவளுடைய முதல் கிளினிக் நாளைச் சொல்ல வேண்டும். பள்ளி யூனிஃபார்ம் மேல் என் ஸ்வெட்டரைப் போட்டு, அந்த வெயிலிலும் கழுத்துவரை பட்டனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அட்டையைப் பார்த்த நர்ஸ், வரிசையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, "அப்போ இல்லாத வெட்கம் இப்போ எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். அடுத்த முறை வரமாட்டேன் என்று அழுதாள். கிளினிக்குக்கே போகாமல் விட்டால் ரத்த அழுத்தம், ரத்தசோகை எதுவும் தெரியாமலே போய்விடும், சின்ன வயதுப் பெண்களுக்கு அந்த ஆபத்து கூடுதல் வேறு.

போன் செய்தி மட்டும் அவளை ஒருநாளும் அப்படிப் பேசவில்லை. போன மாதம் தலைவலி, கால் வீக்கம் என்று எழுதிக் கேட்டாள். இன்றைக்கே போய்ப் பிரஷர் பாருங்கள் என்று பதில் வந்தது. வேறு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன், பிரஷர் ஏறித்தான் இருந்தது, மாத்திரை கொடுத்தார்கள். ஆனால் ராத்திரியில் உடம்புக்கு ஏதாவது என்றால் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எங்கள் தெருவில், குழந்தைக்கு அரசு மாதாமாதம் தருகிற கிராண்ட் பணத்துக்காகத்தான் இந்தப் பிள்ளைகள் பெற்றுக்கொள்கிறார்கள் என்று சொல்கிறார்கள். 2025ல் அந்தப் பணம் மாதம் 560 ராண்ட். நாப்பியும் பால்மாவும் வாங்கிப் பார்த்தவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள். அந்தப் பையனைப் பற்றியோ இதுவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படிப்பையும் நிறுத்தச் சொன்னார்கள். கர்ப்பமான மாணவிகளைப் பள்ளியைவிட்டு விலக்கி வைத்த இரண்டு பள்ளிகளின் விதிகளை மறுபரிசீலனை செய்யச் சொல்லி அரசியலமைப்பு நீதிமன்றம் 2013லேயே உத்தரவிட்டிருக்கிறது, அதைச் சொல்லித்தான் நாங்கள் பேசினோம். இன்றைக்கும் பள்ளிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.

11 மொழிகளில் செய்தி வருகிறது, தமிழ் அதில் இல்லை. அதனால் வருகிற செய்தியை அவள் வீட்டில் தமிழில் சொல்வாள். இரண்டு மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசாத எங்கள் ஆயா, அடுப்படியில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். போன வாரம் இரும்புச்சத்துச் செய்தி வந்த அன்று ஒன்றும் பேசாமல் முருங்கைக்கீரையை உருவி வைத்தார். நேற்று அவரே வந்து, "இன்னிக்கு போன் என்னம்மா சொல்லுச்சு?" என்று கேட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.