ஊறவைக்கும் திரவம்: குளுட்டரால்டிஹைடா, ஓபிஏவா, பெராசிட்டிக் அமிலமா?

உடலுக்குள் செலுத்திப் பார்க்கும் வளையும் குழாய்க் கருவியான எண்டோஸ்கோப்பை 134 டிகிரி நீராவியில் வைத்தால் கருவியே பாழாகிவிடும். அதனால் கிருமிநாசினித் திரவத்தை நம்ப வேண்டியிருக்கிறது. எதை வாங்குவது என்று கேட்கும் மருத்துவர்கள் பெரும்பாலும் கிருமியைக் கொல்லும் வேகத்தையே பார்க்கிறார்கள். கருவியின் உட்குழாய்க்குள் தங்கிவிட்ட அழுக்கை அந்தத் திரவம் என்ன செய்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

2 சதவீதக் குளுட்டரால்டிஹைடு மலிவு. உலோகத்தையும் ரப்பரையும் அரிக்காது. ஆனால் புரதத்தை உறையவைக்கும். சரியாகத் தேய்க்கப்படாத ரத்தமும் சளியும் குழாயின் சுவரில் கெட்டியாக ஒட்டிக்கொள்ள, கிருமிகள் அதனடியில் தப்பிவிடும். தொட்டியருகே நாள் முழுவதும் நிற்கும் ஊழியருக்கோ கண் எரியும், தொண்டை கரகரக்கும், ஆஸ்துமாவே வரலாம். காற்றோட்டமில்லாத அறையில் இதை வைப்பது அவருக்குச் செய்யும் அநீதி.

0.55 சதவீத ஓபிஏவுக்கு (ஆர்த்தோ-தாலால்டிஹைடு) நெடி குறைவு, வேலையும் விரைவு. அதுவும் ஆல்டிஹைடுதான் என்பதால் கழுவுவதில் சலுகை கிடையாது. கையுறை இல்லாமல் தொட்டால் தோல் சாம்பல் நிறமாகும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காகத் திரும்பத் திரும்பச் சிஸ்டோஸ்கோப்பி (சிறுநீர்ப்பைக்குள் குழாய்க் கருவி செலுத்திப் பார்ப்பது) செய்துகொண்டவர்களில் சிலருக்கு இதனால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருக்கிறது; அவர்களுக்கான கருவிக்கு இது வேண்டவே வேண்டாம்.

பெராசிட்டிக் அமிலம் புரதத்தை உறையவைப்பதில்லை, எளிதில் சாகாத பாக்டீரியா வித்துகளையும் கொல்லும், சிதைந்தபின் மிஞ்சுவது அசிட்டிக் அமிலமும் நீரும் ஆக்சிஜனும். செம்பு, பித்தளையை அரிப்பதும் கலந்தபின் விரைவில் வீரியம் இழப்பதும் குறைகள்.

தானியங்கிக் கழுவும் இயந்திரம் இருந்து, கருவி தயாரிப்பாளரும் அனுமதித்திருந்தால் என் தேர்வு பெராசிட்டிக் அமிலம். கையால் ஊறவைக்கும் இடத்தில் ஓபிஏ. குளுட்டரால்டிஹைடை நான் புதிதாக வாங்கமாட்டேன்.

எதை வாங்கினாலும், கருவியை நோயாளியின் உடலிலிருந்து வெளியே எடுத்தவுடன் துடைத்து, நொதிக் கரைசலை உறிஞ்சவிட்டு, கசிவுச் சோதனை முடித்து, ஒவ்வொரு குழாயையும் பிரஷ் சுத்தமாக வெளிவரும்வரை தேய்த்த பிறகே அது தொட்டிக்குள் போகலாம். சிறுகுடலின் தொடக்கப் பகுதிக்குள் செலுத்தும் டியோடினோஸ்கோப்பின் நுனியில், உள்ளே நுழைக்கும் துணைக் கருவிகளை உயர்த்திக்கொடுக்கும் சிறு தூக்கியின் இடுக்கைக் கழுவுவது இன்னும் கடினம். முறைப்படி கழுவியும் தொற்று பரவியதால் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2015இல் எச்சரித்தது. 2019இல், கழற்றி எறியும் முனை கொண்ட கருவிகளுக்கு மாறச் சொன்னது.

ஈரமான குழாயில் ஓரிரவில் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா பெருகிவிடும். அதனால் குறைந்தது 10 நிமிடம் அழுத்தக் காற்றைச் செலுத்தி உலர்த்தி, கருவியைத் தொங்கவிட வேண்டும். மறுமுறை பயன்படுத்தும் திரவத்தை ஒவ்வொரு முறையும் சோதனைப் பட்டையால் பாருங்கள். பட்டை தோற்றால், லேபிளில் உள்ள 14 நாள் பயன்பாட்டுக் காலம் முடியாவிட்டாலும் அதைக் கொட்டிவிட வேண்டும்.