வேலைக்கும் அதுதான், ட்ரெயிலர் இழுக்கவும் அதுதான்: ஹைலாண்டர் ஹைபிரிட்டுடன் நாலு வருடம்

2021 செப்டெம்பரில், பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ரொயோட்டா ஹைலாண்டர் ஹைபிரிட் வாங்கினேன். இப்போது 116,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது. அதில் 16,000 அளவில், முகாமில் விரித்துத் தங்கும் கூடார ட்ரெயிலரைப் பின்னால் பூட்டிக்கொண்டு ஓடியது. மிச்சத்தில் பெரும்பகுதி கனடாவில் ரொறன்ரோப் பக்கம், ஏஜாக்ஸிலிருந்து எற்றோபிக்கோவுக்கு 401 நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய்வந்த ஓட்டம். ஒரு பக்கம் 48 கிலோமீற்றர், வருடத்தில் 230 நாள்.

வாங்குவதற்கு முன் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: ட்ரெயிலர் இழுப்பதென்றால் பிக்-அப் எடு. அத்தானிடம் எட்டு சிலிண்டர் பிக்-அப் இருக்கிறது. அவரும் என்னைப்போல 401-இல்தான் வேலைக்குப் போகிறார். ஒரு மாதம் இருவரும் பெற்றோல் ரசீதுகளைச் சேர்த்துவைத்துக் கணக்குப் பார்த்தோம். அவருக்கு நூறு கிலோமீற்றருக்கு 13 லீற்றர். என்னுடையது நாலு வருடச் சராசரியில் 7.3. வேலைக்குப் போய்வரும் 22,000 கிலோமீற்றருக்கு மட்டும் பார்த்தால் வருடத்தில் 1,250 லீற்றர் வித்தியாசம். 2022 ஜூனில் இங்கே ஒரு லீற்றர் இரண்டு டொலரைத் தாண்டி நின்றதே, அந்த மாதம்தான் இந்தக் கணக்கு எனக்கு உறைத்தது. நான் ட்ரெயிலர் பூட்டுவது வருடத்தில் இருபது நாள். அந்த இருபது நாளுக்காக 230 நாளும் பெரிய எஞ்சினைச் சுமந்து திரிய நான் விரும்பவில்லை. அதனால் முதலில் வேலைக்கு ஏற்ற வாகனத்தைத் தெரிவுசெய்தேன். ட்ரெயிலரை அந்த வாகனத்துக்கு அளவாகத் தேடினேன்.

அன்று பார்த்த மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். ராவ்4 ஹைபிரிட் இன்னும் குறைவாகக் குடிக்கும், ஆனால் கனடாவில் அன்று அதன் இழுவை எல்லை 1,750 இறாத்தல், அதாவது 795 கிலோவாகத்தான் இருந்தது. நான் தேடிய வகை ட்ரெயிலர் வெறுமையாகவே அதைவிடக் கூட. சியன்னா ஹைபிரிட் வான் 3,500 இறாத்தல், 1,588 கிலோ இழுக்கும். ஹைலாண்டரும் அதே அளவு. இரண்டிலும் இருப்பது அதே 2.5 லீற்றர் எஞ்சின். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு சியன்னா இன்னும் பொருந்தும் என்று இன்றும் நினைக்கிறேன். அப்போது காத்திருப்புப் பட்டியல் நீண்டிருந்ததால் ஹைலாண்டரை எடுத்தேன். ஹைபிரிட் அல்லாத ஹைலாண்டர் 5,000 இறாத்தல் இழுக்கும். அந்தக் கூடுதல் பலம் எனக்குத் தேவைப்படவில்லை.

அவுஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதே வாகனம் அங்கே குளூகர் என்ற பெயரில் வந்தது, பிரேக் உள்ள ட்ரெயிலருக்கு 2,000 கிலோ எல்லை. 2021 அளவில் அங்கே விற்ற ராவ்4 ஹைபிரிட்டில், நாலு சக்கரத்தையும் எஞ்சின் சுழற்றும் மாதிரிக்கு எல்லை 1,500 கிலோ, இரண்டு சக்கரத்தை மட்டும் சுழற்றும் மாதிரிக்கு வெறும் 480. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே வாகனம். ஆகவே உங்கள் நாட்டுக் கையேட்டில், உங்கள் மாதிரிக்கு என்ன போட்டிருக்கிறதோ அதை மட்டும் நம்புங்கள்.

இழுவை எல்லை என்ற ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குகிறவர்கள் தவறவிடுவது கதவோரத்து ஸ்டிக்கரை. ஓட்டுநர் கதவைத் திறந்தால், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேற்படக்கூடாது என்று எழுதியிருக்கும். என்னுடையதில் 595. நாங்கள் ஐந்து பேரும் 285 கிலோ. பெட்டிகள், சமையல் சாமான் 110. ட்ரெயிலரைக் கொழுவும் ஹிட்ச் இரும்பு 20. ட்ரெயிலரின் மூக்கு வாகனத்தின்மேல் அழுத்தும் பாரம் 118. கூட்டினால் 533. ட்ரெயிலர் எல்லைக்குள் 500 கிலோ மிச்சம் இருக்க, வாகனத்துக்குள் மிச்சம் 62 கிலோதான். முதலில் தட்டுப்படுகிற எல்லை இதுதான்.

அந்த மூக்குப் பாரத்தை எனக்கு விளங்கப்படுத்தியவர் அப்பா. முதல் பயணம் 2022 மே மாதம். தண்ணீர்க் கலன்களையும் ஐஸ் பெட்டியையும் ட்ரெயிலரின் பின்பக்கம் வைத்து, பிள்ளைகளின் சைக்கிள்களைப் பின் பம்பரில் கட்டியிருந்தேன். 115-ஆம் நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லொறி எங்களைக் கடந்தபோது ட்ரெயிலர் பாம்புபோல இரண்டு தரம் ஆடியது. கால் எடுத்தேன், நின்றது. பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, எனக்குக் கை வியர்த்துவிட்டது. ஓரமாக நிறுத்தி இறங்கியதும் அப்பா சுற்றிப் பார்த்தார். கிளிநொச்சியில் இருபது வருடம் நெல் மூட்டை ஏற்றி மாட்டுவண்டி ஓட்டியவர் அவர். "தம்பி, பின்பாரம் கூடிப்போச்சு. முன்பாரம் இல்லாட்டி வண்டி மாட்டின்ரை கழுத்தை மேலே தூக்கும். உது மாடு இல்லையெண்டபடியால் ஆடிக் காட்டுது" என்றார்.

வீட்டுக்கு வந்து அளந்தேன். குளியலறைத் தராசைத் தரையில் வைத்து, மேலே பலகைத் துண்டு போட்டு, ட்ரெயிலரைச் சமமட்டத்தில் நிறுத்தி, அதன் முன்காலைப் பலகையில் இறக்கினேன். 70 கிலோ காட்டியது. மொத்தம் 1,080 கிலோ என்று சல்லிக்கல் விற்கும் யார்டுத் தராசில் முன்பே நிறுத்திருந்தேன். ஆக, ஆறரை வீதம்தான். இப்படியான ட்ரெயிலருக்கு 10 முதல் 15 வீதம் வரை முன்பாரம் வேண்டும். ஐஸ் பெட்டியை அச்சுக்கு முன்னே கொண்டுவந்து, சைக்கிள்களை வாகனக் கூரைக்கு மாற்றினேன். 118 ஆனது. அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு ஆட்டமும் இல்லை. வாகனத்தின் மூக்குப்பார எல்லை 350 இறாத்தல், 159 கிலோ. அதைத் தாண்டாமலும் பார்க்கவேண்டும்.

இழுக்கும்போது பெற்றோல் எவ்வளவு? ட்ரெயிலருடன் எனக்கு மணிக்கு 95 கிலோமீற்றரில் போனால் நூறு கிலோமீற்றருக்கு 12.8 லீற்றர், 110-இல் போனால் 15-ஐத் தொடும். காற்றுத்தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடுவதால், 95-ஐ 110 ஆக்கினால் தடை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ட்ரெயிலர்களுக்கென்றே செய்யும் எஸ்.டி. வகை ரயர்களில் பலவற்றின் வேக எல்லையும் மணிக்கு 65 மைல், 105 கிலோமீற்றர்தான். நான் வலப்பக்கப் பாதையில் 95-இல் போவேன். தாங்கி 65 லீற்றர். 380 கிலோமீற்றரில் நிரப்பிவிடுவேன்.

கடினமான சோதனை சுப்பீரியர் ஏரிப் பக்கம் கிடைத்தது. சூ செயின்ட் மேரிக்கு வடக்கே 17-ஆம் நெடுஞ்சாலையில் மொன்றியல் ரிவர் ஏற்றம் நீளமானது, செங்குத்தானது. ஆகஸ்ட் மாத வெயில், ஏசி போட்டிருந்தோம். அரைவாசி ஏறும்போதே பற்றரிக் கோடு கீழே வந்துவிட்டது. மின்மோட்டார்களும் சேர்ந்தால் 243 குதிரைவலு. பற்றரி இறங்கினால் எஞ்சினின் 186-தான் முழுச் சுமையையும் தாங்கவேண்டும். கியர் மாறும் சத்தம் இல்லாமல் எஞ்சின் ஒரே சுருதியில் உரத்துக் கத்தியது, வேகம் 80-க்கு இறங்கியது. வெப்பமானி அசையவில்லை. பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு 80-இலேயே ஏறினோம். அந்தச் சத்தம் முதல் தடவை பயமாகத்தான் இருக்கும். அது அந்த இயந்திரம் வேலை செய்யும் விதம், பழுதல்ல.

இறக்கத்தில் கவனம் இன்னும் கூட வேண்டும். பிரேக் பிடிக்கப் பிடிக்க பற்றரி நிரம்பும். நிரம்பியபின் மின்சாரம் உள்வாங்க இடமில்லை. அப்போது கியர்ப் பிடியை எஸ்-க்கு மாற்றினால் எஞ்சின் சுழன்று வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடேறாது. உச்சியைக் கடந்த உடனேயே நான் எஸ்-க்கு மாற்றிவிடுவேன்.

இந்த எல்லைகள் எப்படி வருகின்றன என்பதும் அறியவேண்டியது. ஜே2807 என்ற அமெரிக்க அளவுகோலை முதலில் ஏற்றுக்கொண்ட நிறுவனம் ரொயோட்டா. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கட்டுப் பக்கம் 18 கிலோமீற்றர் ஏற்றத்தில், கடும் வெயிலில், ஏசியை முழுதாகப் போட்டுக்கொண்டு, மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏறவேண்டும் என்பது அதிலுள்ள ஒரு விதி. மொன்றியல் ரிவரில் எனக்கு மனத்தைரியம் தந்தது இந்தத் தகவல்தான்.

பிரேக் பற்றி. ஒன்ராரியோவில் 1,360 கிலோவுக்குக் குறைந்த ட்ரெயிலருக்குத் தனிப் பிரேக் கட்டாயமில்லை. என் ட்ரெயிலர் அதற்குள்தான். ஆனாலும் அதில் மின்பிரேக் இருந்ததால் 7 முனை வயரும், டாஷ்போர்டின் கீழே ஒரு கொன்றோலரும் பூட்டினேன். செலவழித்ததற்கு வருத்தமே இல்லை. மழையில் ஒரு மான் குறுக்கே வந்தபோது ட்ரெயிலர் தன் பாரத்தைத் தானே பிடித்து நின்றது.

வயர் வேலையில்தான் ஒரு கசப்பு. ஹிட்ச் பூட்டிய கடையில் நிறவயரையெல்லாம் சரியாக இணைத்துவிட்டு, எர்த் வயரை மட்டும் பெயின்ற் பூசிய தகட்டின்மேல் முறுக்கிவிட்டிருந்தார்கள். அது துருப்பிடிக்க, முதல் குளிர்காலத்தில் வீதியில் போடும் உப்பு போதும். அடுத்த கோடையில் பொன் எக்கோ பூங்காவுக்குப் போகும் வழியில், ஹவ்லொக் தாண்டும்போது பின்னால் வந்தவர் வெளிச்சம் அடித்து அடித்துக் காட்டினார். பெற்றோல் நிலையத்தில் இறங்கிப் பார்த்தால் ட்ரெயிலரில் பிரேக் வெளிச்சம் ஒன்றுகூட இல்லை. மகனைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, ஆணியைக் கழற்றி, தகட்டில் பெயின்றைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிந்தபின் திரும்ப முறுக்கினேன். உடனே இரண்டு சிவப்பும் எரிந்தன. நீங்கள் வயர் போட்டால் எர்த் எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கண்ணால் பாருங்கள்.

அந்தப் பாதைக்கு இப்போது இன்னொரு வசதியும் உண்டு. 2025 ஜூன் 1 முதல் 407 கட்டண நெடுஞ்சாலையின் கிழக்குப் பகுதியில், பிக்கரிங் புறொக் வீதியிலிருந்து 35/115 நெடுஞ்சாலை வரை கட்டணம் இல்லை. ட்ரெயிலருடன் 401 நெரிசலில் நிற்காமல் நேரே பீற்றர்பரோ பக்கம் ஏறிவிடலாம்.

அன்றாட ஓட்டத்தில் குறை குளிர்காலத்தில்தான். ஜனவரியில் ஹீற்றருக்காக எஞ்சின் அடிக்கடி இயங்கும், பனி ரயரும் சேர்ந்து 8.6 வரை போகும். கோடை நெரிசலில் 6.3-உம் பார்த்திருக்கிறேன். பராமரிப்பில், 0டபிள்யூ-16 எண்ணெயை 8,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா மாற்றுகிறேன். கியர்ப்பெட்டி எண்ணெயை 96,000-இல் மாற்றினேன்; அதில் வந்தது கறுத்திருந்தது. இழுப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவேண்டாம். பற்றரிக்குக் காற்றெடுக்கும் துவாரம் நடு வரிசை இருக்கையின் கீழே இருக்கிறது. முகாமுக்குப் போகும்போது அங்கே படுக்கைச் சுருளைத் திணிக்காதீர்கள். அதன் வடிகட்டியை வருடம் ஒருமுறை கழற்றித் தூசி தட்டுகிறேன்.

அப்பாவுக்கு இப்போது முழங்கால் நோ. கூடாரக் கட்டிலில் ஏறி இறங்கச் சிரமப்படுகிறார். அதனால் சுவர் வைத்த, உயரம் குறைந்த ட்ரெயிலர் ஒன்று தேடுகிறோம். 5,000 இறாத்தல் இழுக்கும் கிராண்ட் ஹைலாண்டர் ஹைபிரிட் மேக்ஸுக்கு மாறச் சொல்லி அத்தான் சொல்கிறார். நான் வாகனத்தை மாற்றுவதாக இல்லை. இதுவரை மூன்று ட்ரெயிலர் பார்த்தோம், மூன்றுக்கும் தராசையும் பலகையையும் கொண்டுபோனோம். 1,300 கிலோ உள்ள இரண்டின் முன்பாரமும் 170-ஐத் தாண்டியது, விட்டுவிட்டோம். மூன்றாவது 1,150 கிலோ, முன்பாரம் 131. அப்பா உள்ளே ஏறிக் கட்டிலில் இருந்து பார்த்தார். விலை பேசிக்கொண்டிருக்கிறோம்.