கடப்பா மேடை இருக்கும் வீட்டில் ரெடிமேட் பெட்டி பொருந்துமா: நான்கு வழிகளின் ஒப்பீடு

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீடு 1990களின் நடுவில் கட்டப்பட்டது. பத்தடிக்கு எட்டடி சமையலறை. செங்கல் தடுப்புகளின் மேல் கடப்பாக் கல்லைக் கிடத்தி, அதன்மேல் கருப்பு கிரானைட் ஒட்டிய மேடை, மேடைக்குக் கீழே கதவில்லாத அறைகள், சுவரில் இரண்டு வரிசைக் கடப்பாத் தட்டுகள், அதற்கும் மேலே பித்தளை அண்டா குடியிருக்கும் பரண். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் எனப் பழைய வட ஆர்க்காட்டின் எந்த ஊரிலும் முப்பது வயதான வீட்டின் சமையலறை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இதைக் குறைந்த செலவில் புதுப்பிக்க நினைப்பவருக்கு இன்று நான்கு வழிகள் உள்ளன. பலகைகளாக அட்டைப்பெட்டியில் வந்து வீட்டில் பூட்டிக்கொள்ளும் ரெடிமேட் அலமாரிப் பெட்டி முதல் வழி. தச்சர் வீட்டிலேயே பிளைவுட்டில் செய்து தருவது இரண்டாவது. மாடுலர் கடைக்காரர் அளவெடுத்துப் பட்டறையில் வெட்டிக் கொண்டுவருவது மூன்றாவது. பி.வி.சி. பலகையில் செய்வது நான்காவது. எல்லாவற்றையும் விசாரித்துப் பார்த்ததில், இவற்றில் எந்த ஒன்றையும் சமையலறை முழுவதற்கும் பிடிக்கக் கூடாது என்ற முடிவுக்கே வந்தேன். மேடைக்கு மேலே ரெடிமேட் பெட்டி, மேடைக்குக் கீழே கடப்பாவை உடைக்காமல் கதவு மட்டும் என்பதுதான் இந்த வகை வீட்டுக்கு ஒத்துவருகிறது.

ரெடிமேட் பெட்டியின் பலம் அதன் அளவு ஒழுங்கில் இருக்கிறது. கீழ்ப்பெட்டியின் உடல் உயரம் பெரும்பாலும் 720 மில்லிமீட்டர், ஆழம் 560. அகலம் 300, 450, 600, 900 என்று படிப்படியாகப் போகும். பக்கப் பலகையின் முன் விளிம்பிலிருந்து 37 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, 32 மில்லிமீட்டர் இடைவெளியில் துளைகள் வரிசையாக இருக்கும். கீல், டிராயர் சேனல், தட்டு தாங்கும் பின் எல்லாம் இந்த இடைவெளியை ஒட்டியே செய்யப்படுவதாலும், கதவில் கீல் உட்காரும் குழி 35 மில்லிமீட்டர் விட்டம் என்பது பொதுவாகிவிட்டதாலும், சில ஆண்டுகள் கழித்து ஒரு கீல் உடைந்தால் வேறு கம்பெனியின் கீலையும் அந்த இடத்தில் பொருத்திக்கொள்ள முடிகிறது. பலகைகளை மரக்குச்சிகளும், திருகினால் இறுகும் மினிஃபிக்ஸ் என்ற உலோகப் பூட்டுகளும் பிணைக்கின்றன. ஸ்க்ரூடிரைவரும் ரசமட்டமும் கையில் இருந்தால், இருவர் சேர்ந்து ஒரே நாளில் ஐந்தாறு பெட்டிகளைப் பூட்டிவிடலாம். வீட்டுக்குள் ரம்பத் தூள் பறக்காது. பெங்களூரு நாகசந்திராவில் 2022 ஜூனில் திறந்த ஐகியா மரச்சாமான் கடைக்கு இங்கிருந்து காரில் போய்ப் பார்த்து வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஐகியாவின் சமையலறைப் பெட்டிகளில், சுவரில் ஒரு நீண்ட இரும்புப் பட்டையை மட்டம் பார்த்து அடித்து அதில் பெட்டிகளை மாட்டும் முறை இருக்கிறது. பழைய செங்கல் சுவருக்கு அது நல்ல முறை. ஒரு துளையில் சாந்து உதிர்ந்தாலும் எடை மற்றத் துளைகளுக்குப் பகிர்ந்துவிடும்.

சிக்கல் அந்த 720 மில்லிமீட்டரில்தான் தொடங்குகிறது. எங்கள் மேடை தரையிலிருந்து 31 அங்குலம். அடியில் நான்கு அங்குலத் திண்டு, மேலே கடப்பாவும் சாந்தும் கிரானைட்டும் சேர்ந்து இரண்டரை அங்குலம் போக, நடுவில் மிஞ்சுவது இருபத்து நான்கரை அங்குலம், அதாவது சுமார் 620 மில்லிமீட்டர். 720 உயரப் பெட்டி அதற்குள் எப்படியும் போகாது. ஆகவே கீழ்ப்பெட்டி வேண்டுமென்றால் மேடையை உடைத்தாக வேண்டும். பத்தடி கிரானைட்டைச் சேதமில்லாமல் பெயர்த்தெடுப்பேன் என்று சொல்லும் மேஸ்திரியை நான் இன்னும் சந்திக்கவில்லை. பிறகு சுவர் டைல்ஸ், தண்ணீர்க் குழாய், தரை என்று செலவு ஒன்றன்பின் ஒன்றாக வரும். ரெடிமேட் பெட்டியில் மிச்சம் பிடித்த பணம் இடிபாட்டு லாரியில் ஏறிவிடும்.

உடைத்துப் பெட்டி வைத்தபின் மேடையின் உயரமும் மாறும். பெட்டிக்கு 100 மில்லிமீட்டர் கால், 720 உடல், 20 கல் என்றால் 840 மில்லிமீட்டர், அதாவது 33 அங்குலம். கால் 150 என்றால் 35 அங்குலம் ஆகிவிடும். ஐந்தடி உயரமுள்ள என் அம்மா சப்பாத்தி மாவு பிசையும்போது தோளைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டிவரும். கடையின் மாதிரிச் சமையலறையில் நின்று பார்க்கும் வீட்டுக்காரர் பெரும்பாலும் உயரமான ஆணாக இருப்பதால் இது கண்ணில் படுவதில்லை. சமைப்பவரை அழைத்துப்போய், முழங்கையிலிருந்து நான்கு அங்குலம் கீழே மேடை வருகிறதா என்று பார்த்த பிறகே காலின் உயரத்தை முடிவு செய்ய வேண்டும்.

தச்சர் வேலையின் பலம் நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. பழைய வீட்டின் மூலை எதுவும் மூலைமட்டத்துக்கு அடங்காது. எங்கள் வடக்குச் சுவர் எட்டடி நீளத்தில் நான்கு நூல், அதாவது அரை அங்குலம், வெளியே தள்ளியிருந்தது. நல்ல தச்சர் பலகையைச் சுவரோடு வைத்து, பென்சிலால் சுவரின் வளைவை அப்படியே இழுத்து, அந்தக் கோட்டில் இழைத்து ஒட்டிவிடுவார். நேர்கோட்டில் வந்த ரெடிமேட் பெட்டியோ அந்த நான்கு நூலை இடைவெளியாகவே விட்டுவிடும். அதை அடைக்க ஒரு பட்டி வேண்டும், அந்தப் பட்டியை இழைக்கவும் கடைசியில் ஒரு தச்சரைத்தான் தேட வேண்டும். பரணும் அப்படியே. ஒவ்வொரு வீட்டிலும் பரணின் உயரம் வேறு என்பதால், ரெடிமேட் அளவுகளில் பொருந்தும் கதவு கிடைப்பது அபூர்வம்.

ஆனால் தச்சர் வேலையில் பொருளின் தரத்தை நாம்தான் காவல் காக்க வேண்டும். சமையலறைக்கு ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண் முத்திரை உள்ள பி.டபிள்யூ.பி., அதாவது கொதிநீரையும் தாங்கும் பிளைவுட் வேண்டும். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அதன் அடுக்குகள் பிரியக் கூடாது என்பது சோதனை. எம்.ஆர். என்று விற்கப்படும் ரகம் காற்றின் ஈரத்தைத் தாங்கும், சிங்க் பக்கத்து ஈரத்தைத் தாங்காது. இரண்டின் மேலும் சன்மைக்கா ஒட்டிவிட்டால் வித்தியாசம் தெரியாது என்பதுதான் ஏமாற்றத்துக்கு இடம் கொடுக்கிறது. ஷீட் வண்டியிலிருந்து இறங்கும்போதே ஐ.எஸ்.ஐ. முத்திரையின் கீழ் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணைப் படம் எடுத்து, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்த்துவிடலாம். எத்தனை ஷீட் தேவை என்பதையும் நாமே கணக்கிடலாம். எட்டுக்கு நான்கடி ஷீட் ஒன்றில் 600 மில்லிமீட்டர் அகலமுள்ள கீழ்ப்பெட்டிகள் இரண்டுக்கான பக்கங்கள், அடிப்பலகைகள், மேல் குறுக்குப் பட்டிகள் எல்லாம் வந்துவிடும். கதவுகளும் உள்தட்டுகளும் அடுத்த ஷீட்டிலிருந்து வர வேண்டும். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், தச்சர் போடும் பட்டியல் வழக்கத்தைவிடக் கவனமாக வரும்.

தண்ணீர் என்ன செய்யும் என்பதை நான் காட்பாடி காந்தி நகரில் என் அக்கா வீட்டில் பார்த்தேன். மேடையை இடித்துவிட்டு, மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டில் செய்த ரெடிமேட் பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். பார்க்க அழகாகவே இருந்தது. ஒரு வருஷம் கழித்து சிங்க் பெட்டியின் கதவு கீழே உரசத் தொடங்கியது. குனிந்து பார்த்தால், அடிப்பலகை நடுவில் மேடு தட்டியிருந்தது. மேலே ஒட்டிய வெள்ளைத் தாள் மட்டும் முழுசாக இருக்க, அடியில் பலகை டீயில் நனைத்த பிஸ்கட் போல ஊதியிருந்தது. காலைத் தாங்கும் திருகாணியைத் தொட்டதும் மரத்தூளோடு கையில் வந்தது. காரணம் பெரிய கசிவு எதுவும் இல்லை. வேஸ்ட் பைப்புக்காகப் பிளம்பர் அடிப்பலகையில் வட்டமாக வெட்டிய துளையின் ஓரம் அப்படியே பச்சையாக விடப்பட்டிருந்தது, குழாய் மூட்டிலிருந்து எப்போதாவது சொட்டிய நீர் அந்த ஓரத்தின் வழியே உள்ளே இறங்கியிருந்தது. தொழிற்சாலையில் ஒட்டிய எட்ஜ் பேண்ட் என்ற விளிம்புப் பட்டை நான்கு பக்கமும் நன்றாகவே இருந்தது. வீட்டில் வெட்டிய துளைக்கு உத்தரவாதம் கிடையாது என்று விற்றவர்கள் கைவிரித்துவிட்டார்கள். அந்தத் துளையின் ஓரத்தில் அன்றே சிலிக்கான் தடவியிருந்தால் அந்தப் பலகை இன்னும் பல ஆண்டுகள் இருந்திருக்கும்.

நம் வீடுகளில் வெள்ளிக்கிழமையும் பண்டிகையும் வந்தால் சமையலறைத் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது வழக்கம். இந்த ஒன்றில் ரெடிமேட் பெட்டி தச்சர் பெட்டியைவிட மேலானது, ஏனெனில் அது பிளாஸ்டிக் கால்களில் தரையைத் தொடாமல் நிற்கிறது. தச்சர்கள் பலர் இன்னும் பக்கப் பலகையைத் தரையிலேயே நிறுத்துகிறார்கள். வெட்டுமுகம் ஈரத்தை உறிஞ்சும், கரையானுக்கும் அதுதான் வாசல். பிளைவுட் வேலையிலும் கால் வைக்கச் சொல்லி வற்புறுத்துங்கள்.

பி.வி.சி. பலகை இந்த இரண்டு கவலைகளையும் போக்கிவிடுகிறது. தண்ணீரும் கரையானும் அதை ஒன்றும் செய்யாது. விலை குறைவு என்பதால் வாடகைக்கு விடும் வீடுகளில் அதிகம் வைக்கிறார்கள். ஆனால் பி.வி.சி. 80 டிகிரி அருகே இளகத் தொடங்கும் பொருள். கத்தரி வெயிலில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் சமையலறையில், அடுப்பை ஒட்டிய கதவு நாளடைவில் வளைவதைப் பார்க்கலாம். நீளமான தட்டில் 25 கிலோ அரிசிச் சிப்பத்தை வைத்தால் நடுவில் தொய்யும். திருகாணியின் பிடியும் பிளைவுட் அளவுக்கு வராது. ஆகவே சிங்க்கைச் சுற்றி மட்டும் அதைப் பயன்படுத்துவது சரி.

மாடுலர் கடை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நல்ல பட்டறையாக இருந்தால், ரெடிமேட் பெட்டியின் துல்லியமும் தச்சரின் அளவுச் சுதந்திரமும் ஒன்றாகக் கிடைக்கும். இரண்டுக்குமான விலையும் ஒன்றாகவே வரும். நம் வரவுசெலவுக்கு அது எட்டவில்லை.

விலையை ஒப்பிடும் இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ரெடிமேட் பெட்டிக்கு ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்ற கணக்கு. தச்சரும் மாடுலர்காரரும் முகப்பின் சதுர அடிக்குச் சொல்வார்கள். பத்தடி நீளத்தில் கீழே இரண்டரை அடி, மேலே இரண்டடி உயரம் என்றால் 45 சதுர அடி. சதுர அடிக்கு 100 ரூபாய் வித்தியாசம் மொத்தத்தில் 4,500 ரூபாய். அந்த விலையில் உள்பக்கச் சன்மைக்கா, கீல், சேனல், கைப்பிடி, கூலி எவை அடங்கும் என்று மூவரிடமும் ஒரே பட்டியலை நீட்டிக் கேட்டபோது, மலிவு என்று நாங்கள் நினைத்திருந்தவர் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டார். வெறும் கீலா, மெதுவாக மூடும் கீலா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கேஸ் சிலிண்டர் வைக்கும் இடத்தை ரெடிமேட் பட்டியலில் பலர் மறந்துவிடுகிறார்கள். 14.2 கிலோ எரிவாயுவும் இரும்பும் சேர்ந்து சிலிண்டர் சுமார் 30 கிலோ வரும். அதை மாதாமாதம் பலகைமேல் ஏற்றி இறக்குவது பெட்டிக்கும் முதுகுக்கும் ஆகாது. அந்த இடத்துக்கு அடிப்பலகை இல்லாத சட்டமும் கதவும் போதும், சிலிண்டர் தரையில் நிமிர்ந்து நிற்கட்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும் என்பதால் கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் கட்டாயம் வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவருக்கு ரெடிமேட் பெட்டியைக் கழற்றி எடுத்துப் போகலாம் என்று விற்பனையாளர் சொல்வார். பாதி உண்மை. பார்ட்டிகிள் போர்டில் நேரடியாக ஏறிய திருகாணியை ஒருமுறை கழற்றினால், மறுமுறை அதே துளையில் பழைய பிடி இருக்காது. மினிஃபிக்ஸ் பூட்டு ஓரளவு தாங்கும். இரண்டு வீடு மாறுவீர்கள் என்றால், பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே வண்டியில் ஏற்றுவது நல்லது.

எங்கள் வீட்டில் மேடை நின்ற இடத்தில் நிற்கிறது. சுவரின் கடப்பாத் தட்டுகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 600 அகல ரெடிமேட் பெட்டிகள் நான்கை மாட்டினோம். குக்கர் ஆவி நேராக அடிக்கும் அடுப்புக்கு மேலே மட்டும் பெட்டி வைக்காமல் விட்டோம். கீழே தடுப்புகளின் முன்னால் அலுமினியச் சட்டம் அடித்து, அதில் பிளைவுட் கதவுகள். சிங்க் அடியில் மட்டும் பி.வி.சி. கதவு. கடப்பாவில் துளையிடும்போது டிரில்லில் இடித்துத் துளையிடும் ஹேமர் முறையைப் போட்டால் விளிம்பு சில்லாகத் தெறிக்கும் என்று தச்சர் முதலிலேயே சொல்லி, ஓரத்திலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி மெதுவாகக் குடைந்தார். மற்றச் சாமான்கள் எல்லாம் இடம் பிடித்துவிட்டன, ஆம்பூர்ச் சித்தி கொடுத்த பிரியாணி தேக்சாவைத் தவிர. அது பரணுக்குப் போக வேண்டியது. பரண் கதவுக்கு அளவெடுத்துப் போன தச்சர் பொங்கல் கழித்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.